ஜால்ரா கேட்கிற ஒயர்

— கண்ணைக் கட்டறதுக்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன் கிருத்திகா. வேற என்ன வேணாலும் பண்ணிக்க.

— கட்டாம எப்படிங்கப்பா? ஸ்பீக்கருக்கு வாங்குன வெள்ளி ஒயரு பளபளன்னு கெடக்குது, சாதா ஒயரு கறுப்பாக் கெடக்குது. பாத்துட்டே சொல்லிருவீங்க. ஏனுங்க ஆரோக்கியராஜ் அண்ணா, ஒயரை வித்தவரு நீங்கதானுங்களே, நீங்களே சொல்லுங்க.

— யம்மா, என்னய எதுக்கு நடுவுல இழுக்க? அண்ணாச்சி வந்து கேட்டாக, நான் எடுத்துக் குடுத்தேன். வாரவுக கண்ணைக் கட்டியா நான் கடையில ஏவாரம் பாக்கேன்?

— பாத்தியா? சவுண்டு சர்வீசுலயே ஊறிப் போனவன், அவனே சொல்றான்.

— அவரு உங்களுக்கு ஜால்ரா தட்டறாருங்கப்பா.

— என்னது?

— ஜால்ரா! ஜால்ரா தட்டறாருங்கறேன்!

— மூஞ்சியப் பாத்துப் பேசு கண்ணு, சொவத்தப் பாத்துப் பேசுனா என்னத்தக் கேக்கறது? ஜால்ராவப் பத்தித்தான் நானுஞ் சொல்றேன். நம்ம காவடிக் கூட்டத்துப் பாட்டைப் பதிவு பண்ணுனமே, அதுல ஜால்ரா ஆரு? நானு. அந்தச் சத்தம் இந்த செட்டுல வரவே மாட்டேன்னுருச்சு. ஸ்பீக்கரை மாத்துனேன், வரல. ஆம்ப்ளிபயரை மாத்துனேன், அப்பவும் வரல. இந்த வெள்ளி ஒயரை மாட்டுனேன், கணீர் கணீர்ன்னு வந்துருச்சு. கோளாறு செட்டுல இருந்துச்சு, என்ற காதுல இல்ல. தெரிஞ்சுக்க.

— அப்ப வெள்ளிக்கெழம லாரி? அதுவும் செட்டுக் கோளாறுங்களா? நூல் எறக்க வந்த லாரி ரிவர்ஸ்ல வருது. ஆரன் அடிக்கறான், கம்பெனியே திரும்பிப் பாக்குது, நீங்க மட்டும் போனை நோண்டிட்டு நிக்கறீங்க. லோடு எறக்கற முருகேஷ் உங்க சட்டையப் புடிச்சு இழுக்காட்டி, இன்னிக்கு இந்த ஊட்டுல...

— வாயக் கழுவு! அத்தன நிட்டிங் மெசினும் ஓடுது. அந்த எரைச்சல்ல ஆரன் எவனுக்குக் கேக்கும்?

— முருகேசுக்குக் கேட்டுச்சுங்களே.

— அவன் எளவட்டம்.

— அதையேதானுங்கப்பா நானுஞ் சொல்றேன்! வயசாச்சு, மெசினு சத்தத்துலயே இருந்தாச்சு, போயி ஒருக்கா காதைக் காட்டலாங்கறேன். இதுல என்னங்க குத்தம்? போன மாசம் நம்மகிட்ட பனியன் வாங்கற வெளிநாட்டுப் பையர் போன்ல கேட்டதுக்கெல்லாம் ஓகே ஓகேன்னீங்க. அவன் கேட்டது என்ன? கப்பல்ல வேண்டாம், உங்க செலவுல பிளேன்ல அனுப்பறீங்களான்னு கேட்டிருக்கான்.

— அண்ணாச்சி, அதுக்கா ஓகேன்னிய?

— பெரிய மனசு பண்ணி அனுப்புனேன். உனக்கென்ன?

— சேசுவே!

— இங்க பாருங்கப்பா, நேத்துப் பேசுனது பேசுனதுதான். கண்ணைக் கட்டிட்டு, எந்த ஒயருல பாட்டு ஓடுதுன்னு சரியாச் சொல்லிட்டீங்கன்னா, காது டாக்டருங்கற பேச்சையே நான் எடுக்க மாட்டேன். தப்பாச் சொன்னீங்கன்னா நாளைக்கே எங்கூட கோயமுத்தூர் வரோணும். டாக்டரப் பாக்கற வரைக்கும் கம்பெனிக்குள்ள கால் வெக்கக்கூடாது.

— என்ற கம்பெனிக்குள்ள என்னையே வர வேண்டாங்கறியா? என்ற காதை செகண்ட்ஸ்ல தள்ளிட்டியா நீ? ஓட்ட பனியனா அது, கிலோ போட்டு வித்துட்டுப் போறதுக்கு? எந்த டாக்டருகிட்டயும் நான் வரமாட்டேன். எவங்கிட்டயும் காதை நீட்டிட்டு உக்கார மாட்டேன்.

— கோவப்படாதிய அண்ணாச்சி. கோயமுத்தூர் என்ன சீமையா? போன வாரங்கூட நூல் பாக்கணும்னு போனியள்ல. வந்ததும் வராததுமா, வீட்டுக்குக்கூடப் போவாம நேரா என் கடைக்கு வந்து, இருக்கறதுலயே ஒசந்த ஒயரை எடுறான்னிய.

— நூல் பாக்கப் போனீங்களா? அந்த வாரம் சாம்பிள் நூல் கோன் ஒண்ணுகூட வரலீங்களேப்பா?

— புடிக்கல, உட்டுட்டு வந்துட்டேன். இப்ப அதுவா பேச்சு? கட்டு கண்ணை! கட்டித் தொல! கந்தவேலு பயந்துட்டான்னு அருள்புரத்துல ஒருத்தன் பேசக்கூடாது.

— இருங்க, கட்டிங் வேஸ்ட்டுல சுத்தமான துணி ஒண்ணு எடுத்துட்டு வந்திருக்கறேன்.

— பாட்டு ஆரம்பிச்சதும் என்ற தோளைத் தட்டோணும். மொத ஒயருக்கு ஒரு தட்டு, அடுத்ததுக்கு ரெண்டு தட்டு.

— பாட்டு ஆரம்பிச்சா தன்னால தெரியாதாக்கும் அண்ணாச்சி?

— நீ சும்மா இரு ஆரோக்கியம். எதுக்கும் ஒரு மொறை வேணும்.

— கட்டிட்டேனுங்கப்பா. இறுக்கமா இருக்குதுங்களா? ... அப்பா, இறுக்கமா இருக்குதுங்களா?

— ஆரம்பி, ஆரம்பி.

— யம்மா, நீ கேட்டது ஒண்ணு, அண்ணாச்சி சொல்லுதது ஒண்ணு.

— பாத்துட்டுத்தானுங்கண்ணா இருக்கறேன். நீங்க பாட்டைப் போடுங்க. நல்லாச் சத்தமா வைங்க. ம், தோளைத் தட்டிட்டேன்.

— இது சாதா ஒயரு! மத்தளம் மட்டும் மொத்து மொத்துன்னு நெஞ்சுல இடிக்குது. ஜால்ராவைக் காணோம். அடுத்ததப் போடு.

— ரெண்டு தட்டு தட்டிட்டேன்.

— ஆங்! இதுதான்! இதுதான் வெள்ளி ஒயரு! ஆரோக்கியம், கேக்குதா? கணீர் கணீர்ங்குது பாரு, அது என்ற கையி தட்டறதுடா! அவுத்து உடு கண்ணு. இப்ப என்ன சொல்லறே? டாக்டரு, டாக்டருன்னியே?

— அவுத்துட்டேன். இப்படித் திரும்புங்கப்பா. ரெண்டு தடவையும் சாதா ஒயருதானுங்க. நான் கழட்டவே இல்ல.

— அடிப் பாவி!

— கலரு சரியில்லைன்னு பையர் துண்டுத் துணியத் திருப்பி அனுப்புனா, அதே துணியில புதுச் சீட்டு ஒட்டி மறுக்கா அனுப்புன்னு ஆருங்க எனக்குச் சொல்லிக் குடுத்தது? ‘மொதலுக்கு இது எவ்வளவோ தேவல’ன்னு அவன் மெயில் போடுவான், நீங்க உளுந்து உளுந்து சிரிப்பீங்க. அதேதானுங்க இது.

— பையருக்குப் பண்ற வேலைய அப்பங்கிட்டயே காட்டறியா? இது செல்லாது! ஒயரை மாத்தலைன்னா அது என்ன டெஸ்ட்டு? போங்கு! மறுக்கா வை. ஒழுங்கா வை.

— அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லட்டா? மாதா மேல ஆணையா, இந்த ஒயருக்கும் அந்த ஒயருக்கும் எனக்கே வித்தியாசம் தெரியாது. நீங்க அம்புட்டு ஆசையாக் கேட்டிய, தெரியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஒயரைத் திருப்பிக் குடுத்துருங்க. நான் எடுத்துக்கிடுதேன்.

— திருப்பறதா? ஆரு திருப்பறது? உனக்குக் காது மந்தம், அதுக்கு நான் ஒயரைக் குடுக்கோணுமா? ஸ்பீக்கரை மாத்தியாச்சு, ஆம்ப்ளிபயரை மாத்தியாச்சு, இந்த ஒயரையும் திருப்பிட்டா அப்புறம் நான் எதைடா மாத்தறது?

— அப்பா...

— கட்டு, கட்டு. பேச்சு வேண்டாம்.

— கட்டிட்டேனுங்கப்பா. ஆரோக்கியராஜ் அண்ணா, நீங்க எதையும் தொடாதீங்க.

— ஏன் தாயி, பாட்டு?

— சித்த சும்மா இருங்கண்ணா. அப்பா, தண்ணி வேணுங்களா? ... காப்பி வெக்கட்டுங்களாப்பா? ... அப்பா, உங்களுக்குப் பின்னால லாரி வருதுங்கப்பா. ... அப்பா, பின்னால லாரி!

— யம்மா, அழுவாத. போதும், விட்டுரு. அவுத்து விட்டுரு அண்ணாச்சிய.

— இல்லீங்கண்ணா. தோளைத் தட்டறேன்.

— ஆ! வந்துட்டுது பாரு! இந்தத் தடவ வெள்ளி ஒயரு, சத்தியமா வெள்ளி ஒயருதான். ஜால்ரா மட்டுமா? பாடறவன் மூச்சு வாங்கறதுகூடக் கேக்குது. பின்னால ஒருத்தன் இருமறான் பாரு, அது நம்ம காவடிக் கூட்டத்துச் சுரேசு. இதுக்குப் பேருதான் ஒயரு! கந்தவேல ஏமாத்திருவியா நீ?

— கட்டை அவுக்கறேனுங்க. என்ற மூஞ்சியப் பாருங்கப்பா.

— எதுக்கு அழுகறே? செயிச்சவன் நானு. தோத்ததுக்கு அழுகறியா? உடு, பொழைச்சுப் போ. நாளைக்குக் காத்தால கம்பெனிக்கு நான்தான் மொத ஆளாப் போறேன்.

— அப்பா... பாட்டே போடலீங்கப்பா.

— ஆமா அண்ணாச்சி. நான் செட்டுப் பக்கமே போவல. ஆம்ப்ளிபயர்ல லைட்டுகூட எரியல, நீங்களே பாருங்க.

— தெரியும் கண்ணு.

— தெரியுமுங்களா?

— போன வாரம் கோயமுத்தூர்ல, காது ஆஸ்பத்திரியில, காதுல மெசினை மாட்டி, கேட்டா பட்டனை அமுக்குங்கன்னு சொல்லுச்சே ஒரு புள்ள, நானும் அமுக்கிட்டே இருந்தேன், அதுவும் உன்னையாட்டத்தான் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு சொல்லுச்சு: ‘ஐயா, நான் இன்னுஞ் சத்தமே போடலீங்களே’ன்னு.