தம்பிக்கு வந்த ஹார்ட் அட்டாக்

...இல்ல சார், நீங்களே சொல்லுங்க, புள்ள உள்ள போயி முக்கா மணி நேரமாவுது. முப்பது வருஷம் தபாலாபீஸ் கவுண்டர்ல உக்காந்தவ நான். கதவுகிட்ட எட்டிப் பாத்தா, எனக்கு வரிசையப் பத்திப் பாடம் எடுக்கறா அந்த நர்ஸு. இங்க காத்துக் கெடந்தே நெஞ்சுவலி வந்துரும். அதுவும் அவங்களுக்கு வியாபாரம்தான்.

எனக்கில்ல, நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என் தம்பி மகளுக்கு. பதினாறு வயசு. ரெண்டு டாக்டர் ஒண்ணுமில்லன்னுட்டாங்க, இவரு மூணாவது. ஓட்டப்பந்தயத்துல ஓடிட்டிருந்த புள்ள சார், இப்ப மாடிப்படில பாதியில நின்னு நாடிய புடிச்சுப் பாத்துக்குது. உள்ள போனதும் மொத வார்த்தை, 'எங்கப்பா ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு'ன்னுதான் சொல்லும்.

ஆமா, போயி மூணு வருஷமாச்சு. பதினெட்டு வருஷம் பட்டாளத்துல இருந்தான்... பாத்தீங்களா, பட்டாளம்னதும் நிமிந்து உக்காறீங்க. எல்லாரும் இப்படித்தான். கல்யாண வீட்ல முன் வரிசைக்கு இழுப்பாங்க. அவனுக்கு ஆவாது. முதுகுக்குப் பின்னாடி செவுரு வேணும், கண்ணுக்கு நேரா வாசல் வேணும். அதுக்கொரு கேலி. திரும்பி வந்தவனுக்கு என்ன வேல குடுத்தாங்கங்கறீங்க? துணிக்கடை வாசல்ல கதவு தெறந்து விடற வேல. ஒருநாள் ஷட்டர் இறக்கற சத்தத்துக்குத் தரையோட தரையா படுத்துட்டான். மொதலாளி வந்து, குடிச்சிருக்கியான்னு கேட்டானாம். நம்ம சொந்தம் இருக்கே, அது அதுக்கு மேல. பென்ஷன் வருது, பொண்டாட்டி புள்ள இருக்கு, இவனுக்கென்ன கேடுன்னு. நரம்பில்லாத நாக்கு.

நீங்க முன்னப்பின்ன தெரியாதவரு, அதனால சொல்றேன். ஹார்ட் அட்டாக் இல்ல. அவனாவே போயிட்டான்.

அன்னிக்குப் பக்கத்து வீட்டுக்காரி வாசல்ல வந்து நின்னா. பட்டாளத்துக்காரனா இப்படி பண்ணிக்கிட்டான்னு கேட்டுருவாளேன்னு, அவ வாயத் தெறக்கறதுக்கு முன்னாடி நான் சொல்லிட்டேன், ஹார்ட் அட்டாக்குனு. தம்பி பொண்டாட்டி என்னை ஒரு பார்வை பாத்தா. அப்படியே உள்ள போயிட்டா. ஸ்கூல் டூர் போயிருந்த புள்ள சாயங்காலம் பஸ்ஸவுட்டு எறங்கிச்சு. அதுகிட்டயும் அதையே சொன்னேன். ஊர் வாய அடைச்சிட்டேன்னு ஒரு பெருமை வேற.

அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி அவன் எங்கிட்ட வந்தான் சார். தூக்கமே இல்லக்கா, மனசுக்குப் பாக்கற டாக்டர்கிட்ட போலாம்னு இருக்கேன், கூட வரியான்னான். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா, நாலு பேரு என்ன நெனப்பாங்கன்னேன். தலைய ஆட்டிட்டுப் போனான். ஊரு ஊருன்னு கரிச்சுக் கொட்டறேனே, அன்னிக்கு அவன்கிட்ட பேசினது ஊரா?

போன வாரம் இந்தப் புள்ள கேக்குது. 'அத்தை, அப்பாவுக்கும் ஒண்ணுமில்லன்னுதான சொல்லியிருப்பாங்க? எனக்கும் திடீர்னு வருமா?' நான் சாப்பாட்டுத் தட்ட கழுவப் போயிட்டேன். கழுவின தட்டயே திருப்பித் திருப்பிக் கழுவிட்டு நின்னேன்.

புள்ள வெளிய வருது, உங்களத்தான் கூப்பிடறாங்க போலிருக்கு. போங்க சார், போங்க. செருப்ப வெளிய கழட்டணும், இல்லன்னா அந்த நர்ஸு அதுக்கும் கத்துவா.

...வந்துட்டியா. என்னடி சொன்னாரு? ஒண்ணுமில்லன்னாரா? பின்ன ஏன் மொகத்த இப்படி வச்சிருக்க? ம்... நம்ப முடியல உனக்கு. எப்படி நம்புவ.

ஃபைல இப்படிக் குடு. உக்காரு. வீட்டுக்கு அப்பறம் போலாம். உன் நெஞ்சுல ஒண்ணுமில்லடி கண்ணு. உங்கப்பா நெஞ்சுலயும் ஒண்ணுமில்ல. அத்தை பொய் சொல்லிட்டேன்.