எண்பத்து மூணு வியாழக்கிழமை

– இது உங்க கையெழுத்துதானே கன்னியப்பன் சார்? நல்லா பாத்துச் சொல்லுங்க.

– இன்னாத்துக்குப் பாக்கணும்? ஆறு வருஷம் உங்கப்பாரு பின்னாடியே சுத்துன ஏட்டு நான். அம்பத்தூர் எஸ்டேட்ல யூனியன் தலைவர் திருவேங்கடம் தும்முனாகூட என் ரிப்போர்ட்ல ஏறிடும்மா.

– படிக்கிறேன், கேளுங்க. "வியாழன் காலை பத்து மணிக்கு மேற்படியார் காட்டுப்பாக்கத்தில் ஒரு பெண்மணி வீட்டில் நுழைந்தார். ஒரு மணிக்கு வெளியேறினார்." இதே மாதிரி எண்பத்து மூணு வியாழக்கிழமை. எண்ணிட்டேன்.

– அத்த ஏம்மா எண்ணிக்கினு... டீ ஆறிடப் போவுது, குடி. எம் பொண்ணு சாமுண்டி போட்டது, ஏலக்கா தட்டி.

– எனக்கு எதுவும் இறங்காது சார். அப்பா போயி ஏழு மாசம்கூட ஆகல. யாரோ ஆராய்ச்சி பண்றவர் இந்த ஃபைலக் கேட்டிருக்காரு. குடும்பத்துக்கு ஆட்சேபணை இருந்தா திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்கன்னு போலீஸ் ஆபீஸ்லருந்து எனக்கு நகலோட லெட்டர் வந்திருக்கு. இது வீட்டு விஷயம், வெளிய விடாதீங்கன்னு எழுதிட்டேன். ரிப்போர்ட் எழுதின நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டா, இந்தப் பக்கங்கள மூடி வச்சிருவாங்களாம்.

– மூடுனா எனக்கும் நல்லதுதான்.

– உங்களுக்கு என்ன நல்லது?

– உடும்மா. உங்கம்மா கோமளாம்மா... கடைசி வரைக்கும் அவராண்ட பேசவே இல்லியா?

– எப்படிப் பேசுவாங்க? ஸ்ட்ரைக் அப்போ உங்க இன்ஸ்பெக்டரே வீடு தேடி வந்து இதுல ஒரு பக்கத்த அம்மா கையில குடுத்துட்டுப் போனாரு. அப்புறம் பதினாலு வருஷம். சோத்த தட்டுல போட்டு வச்சிட்டு உள்ள போயிடுவாங்க. அப்படியே செத்தும் போனாங்க.

– அவரு ஒண்ணும் சொல்லலியா?

– ஒரே ஒரு தடவ. "கேக்காத கோமளா, சொன்னா ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துரும்"னாரு. இன்னொரு குடும்பம் இருக்குன்னு அவர் வாயாலயே சொன்னப்புறம் என்ன இருக்கு? நானும் அவர் மூஞ்சியப் பாத்துப் பேசுறத விட்டுட்டேன். ஆஸ்பத்திரியில கடைசியா கைய நீட்டுனாரு. நான் புடிக்கல சார்.

– ஐயோ தாயே...

– செத்தவர ஊரு சிரிக்க வேணாம். எனக்கு அவ்ளோதான். இந்தாங்க பேனா.

– போட மாட்டேம்மா.

– ஏன் சார்? கால்ல விழணுமா?

– காட்டுப்பாக்கத்துல அப்டி ஒரு ஊடே கெடயாது. பொய்யி. நான் எழுதுன பொய்யி.

– என்ன சொல்றீங்க? அப்போ எங்க போனாரு?

– எழும்பூர் ஆஸ்பத்திரி. எங்கூட. என் சம்சாரம் போய்ச் சேந்துட்டா. புள்ளைக்கு அஞ்சு வயசு, ரத்தத்துல கேன்சர். வியாழக்கெழமைக்கு வியாழக்கெழம ஊசி. லீவு குடுக்கல. புள்ளையத் தோள்ல போட்டுக்கினே உங்கப்பாரு பின்னாடி போனேன். அம்பத்தூர் ரயிலு ஸ்டேஷனாண்ட திரும்பி நின்னு, "யோவ், என்ன அப்புறம் புடிச்சிக்கலாம், கொழந்த ஒடம்பு கொதிக்குது, இப்டி குடு"ன்னு வாங்கிக்கினாரு. அன்னிலேந்து ஒரு வியாழனையும் அவரு உடல. நான் சீட்டுக்கு வரிசைல நிப்பேன், புள்ள அவரு மடியில கெடக்கும்.

– அப்போ அந்தப் பொம்பள?

– ஆஸ்பத்திரின்னு எழுதுனா நோண்டுவாங்க, என் வேல பூடும். எதுவும் எழுதலன்னா மெமோ. பொம்பள ஊடுன்னா மேல இருக்கறவனுக்கு குஷி, மறுகேள்வி கேக்க மாட்டான். பாவி, எழுதிட்டேன்.

– அப்பாவுக்குத் தெரியுமா?

– உங்கம்மா கைக்குப் போனப்புறம் ஓடிப்போய் அவரு கால்ல உழுந்தேன். "ஊசி முடியிற வரைக்கும் வாயத் தொறக்காத"ன்னாரு. ஊசி முடிஞ்சிது. வேலைக்குப் பயந்து, அப்பால பென்சனுக்குப் பயந்து, நான் தொறக்கவே இல்லம்மா.

– ஒரு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துரும்னாரே...

– உனுக்கு டீ குடுத்துட்டுப் போனாளே, அவதாம்மா அந்தக் குடும்பம்.