தொண்டை கட்டிய மூன்று வாரம்

சுக்கைத் தட்டித் தேனில் குழைத்துத் தின்றால் தொண்டைக்கட்டு மூன்று நாளில் விட்டுவிடும் என்பார்கள். எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. இந்த 1934-ஆம் வருஷம் சாரல் தொடங்கிய சமயம் அது. ஐயா, தாங்கள் இந்தச் சேகரத்துச் சபைகளுக்கெல்லாம் குருவானவர். நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். தொண்டையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

தென்காசிச் சபையில் நான் பதினாறு வருஷமாக உபதேசியார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும். அவரவர் குறையைச் சொல்வார்கள். எல்லாவற்றையும் சேர்த்து நான் ஜெபிப்பேன். என் ஜெபம் நீளமானது. ஆண்டவரிடம் பேசும்போது சொற்களைத் தேர்ந்து பேச வேண்டும் என்று நினைப்பவன் நான்.

குரல் போன மூன்று வாரமும் ஞானப்பூவை ஜெபிக்கச் சொன்னேன். அவள் விதவை, வயது முப்பது இருக்கும். மிஷனில் வேதாகம ஸ்திரீயாக இருந்தாள். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்தும் வேத வசனமும் சொல்லிக்கொடுப்பாள்.

"அப்பா, தங்கத்தாய் அக்காவுக்கு இடுப்பு வலிக்கி. குனிய முடியல. பாத்துக்கிடும்."

அவ்வளவுதான் அவள் ஜெபம். அடுத்த வீட்டில் ஏணி கேட்பதுபோல் கேட்டாள். பிறகு சற்று நேரம் பேசாமல் இருப்பாள். அந்த நேரத்தில் யாரும் இருமக்கூட மாட்டார்கள்.

குரல் திரும்பிய வெள்ளிக்கிழமை நான் ஜெபிக்கத் தொண்டையைச் செருமினேன். தங்கத்தாய், "அண்ணாச்சிக்கு இப்பந்தான் தொண்ட தெறந்திருக்கு, அலட்டிக்கிட வேண்டாம். ஞானப்பூவே செய்யட்டும்" என்றாள். பிறகு பக்கத்திலிருந்தவளிடம், "அண்ணாச்சி ஆமென் சொல்லுததுக்குள்ள உலையில சோறு குழைஞ்சிருதுல்லா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஞானப்பூ மட்டும் சிரிக்கவில்லை.

எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. சபையின் ஒழுங்கைப் பற்றித்தான் யோசித்தேன். ஜனங்கள் தங்கள் குறைகளை அவள் வீட்டு வாசலுக்கே கொண்டுபோகத் தொடங்கினார்கள். அவளிடம் எழுத்துப் படித்துக்கொண்டிருந்த ஹைருன் பீவி, நம் மார்க்கத்தவள்கூட அல்ல, மகனுக்குக் காய்ச்சல் என்று அவளுக்கு ஆள் அனுப்பினாள். பதினாறு வருஷத்தில் ஹைருன் பீவி இருக்கும் தெருவில் என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

ஜெபத்தில் ஒரு விசேஷம் உண்டு. பிரசங்கத்தின் நடுவே ஒருவர் எழுந்து போகலாம். பேச்சின் நடுவே மறுத்துச் சொல்லலாம். ஜெபத்தின் நடுவே மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. எல்லோரும் கண்ணை மூடியிருப்பார்கள். முடிவில் எல்லோரும் ஆமென் என்பார்கள்.

ஆனி கடைசி வெள்ளிக்கிழமை, தங்கத்தாய் வீட்டில், யாரும் கேட்பதற்கு முன்பே நான் தொடங்கிவிட்டேன். தாங்கள் கேட்டபடி, நினைவில் உள்ளவாறே எழுதுகிறேன்.

"ஆண்டவரே, வியாழக்கிழமைதோறும் குற்றாலத்துக்கு நடந்துபோகிற எங்கள் சகோதரி ஞானப்பூவின் பாதங்களை நீர் அறிவீர். ஆற்றங்கரைக் குடிசையில் அவளுக்காகக் காத்திருக்கிற மனிதனையும் அறிவீர். அவள் அவனுக்குக் கொண்டுபோகிற சோற்றையும் துணியையும் அறிவீர். அவளைக் கைவிடாதேயும்."

ஓட்டின்மேல் சாரல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஆமென் என்றார்கள். அவள் குரலும் அதில் இருந்தது. நான் கவனித்துக் கேட்டேன்.

மறுநாள் காலை என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"அது எங்க அண்ணன்னு ஒங்களுக்குத் தெரியும்லா, அண்ணாச்சி."

"நான் பொய் ஏதாவது சொன்னேனா அம்மா?"

யோசித்தாள். "இல்ல" என்றாள். போய்விட்டாள்.

தெரியும். தை மாதமே அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். அண்ணன் சுவிசேஷமுத்துவுக்குப் பெருவியாதி, குஷ்டம். விரல்கள் போய்விட்டன. வாரம் ஒருநாள் சோறும், புண்ணுக்குக் கட்டத் துணியும் கொண்டுபோவாள். விஷயம் வெளியே தெரிந்தால் ஒரு வீட்டிலும் அவளை உள்ளே விடமாட்டார்கள். குடிசையையும் பிரித்துப் போட்டு அவனைத் துரத்திவிடுவார்கள். "ஜெபத்துல மட்டும் வச்சுக்கிடுங்க, அண்ணாச்சி" என்றாள். ஜெபத்தில் மட்டும்தான் வைத்தேன்.

தன்னைக் காத்துக்கொள்ள அவள் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அடுத்தடுத்த வெள்ளிக்கிழமைகளிலும் அவளுக்காக ஜெபித்தேன். அவள் வருவது நின்ற பிறகும் ஜெபித்தேன். வீடுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. இனி வரவேண்டாம் என்று ஹைருன் பீவியும் சொல்லியனுப்பினாள். அவளை வேலைக்கு வைத்திருந்த மிஷன் அம்மாள் விசாரித்து எனக்குக் கடிதம் எழுதினார். "இதைக் குறித்து எந்த மனிதரிடமும் நான் பேசியதில்லை, அவளுக்காக ஜெபித்துவருகிறோம்" என்று பதில் எழுதினேன். ஆவணியில் அவள் வேலை போயிற்று. புரட்டாசியில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். அவள் அண்ணனுடைய குடிசைக்கே போய்விட்டாள்.

ஐப்பசி மழையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் குற்றாலத்து வண்டிக்காரன் மாடக்கண்ணு நனைந்துகொண்டு வந்தான்.

"சாமி, சித்தாறு ஏறிக்கிட்டே வருது. அந்தக் குடிசையில ஒங்க கோயில் பொம்பள இருக்கா. அந்த ஆளால நடக்க முடியாது, இவ விட்டுட்டு வரமாட்டங்கா. நாலு பேரு வந்தா தூக்கிரலாம்."

நாற்பது பேர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தம் போட்டுக் கூப்பிட்டிருந்தால் எல்லோருக்கும் கேட்டிருக்கும். எனக்கு அப்போது நல்ல குரல் இருந்தது. "ஜெபிப்போம்" என்று அவனிடம் சொன்னேன். ஆள் அனுப்புவேன் என்று நினைத்து அவன் போய்விட்டான். நான் உள்ளே போய் முழங்காலில் நின்றேன். நீளமாகவே ஜெபித்தேன். மறுநாள் இரண்டு பேரையும் ஆற்றிலிருந்து எடுத்தார்கள். அண்ணனின் இடுப்பைத் தன் சேலையால் தன்னோடு கட்டியிருந்தாள்.

காலி செய்த வீட்டில் அவள் விட்டுப்போன பெட்டியிலிருந்த நோட்டைத் தாங்கள் நேற்று எனக்குக் காட்டினீர்கள். பக்கம் பக்கமாகப் பேர்கள், பேருக்கு ஒரு குறை. கேட்டது கிடைத்துவிட்டால் கோடு போட்டு அடித்திருக்கிறாள். ஆனி மாதப் பக்கத்தில் முதல் வரி: "உபதேசியார் அண்ணாச்சிக்குத் தொண்ட தெறக்கணும். அவுகளுக்குப் பேசாம இருக்க முடியாது." அதையும் அடித்திருந்தாள்.

சுக்கும் தேனும்தான் குணப்படுத்தின என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தக் குரலை எனக்காகக் கேட்டு வாங்கியவள் அவள், கொடுத்தவர் ஆண்டவர். இதில் என் பங்கு எவ்வளவு என்பதைத் தாங்கள் நியாயமாகப் பார்க்க வேண்டும்.

வரும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நடத்த அனுமதி கேட்கிறேன். இப்போது நானும் அவளைப்போலவே சுருக்கமாக ஜெபிக்கப் பழகிவிட்டேன்.