ஒரே பொன்னாடை, இரண்டு தோள்கள்

அவைத்தலைமை ஏற்றிருக்கும் அண்ணன் சுப்பையா அவர்களே! மைசூர் மண்டி மொஹல்லாவின் மாண்பு காக்கும் பெரியோர்களே! கைக்குழந்தையோடும் கவலையோடும் வந்திருக்கும் தாய்மார்களே! ஹெப்பாள் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக இங்கே வந்திருக்கும் தம்பிமார்களே! குழம்பி நிற்கும் மாணிக்கவாசகத்தின் மாலை வணக்கம்.

ஆம், குழம்பித்தான் நிற்கிறேன். நம் சங்கத்தின் இரத்ததான வெப்சைட்டை வைப்பதா, மூடுவதா? அதை எழுதிய அஷ்வினியை வாழ்த்துவதா, விலக்குவதா? இரண்டு பக்கத்தையும் என்னையே பேசச் சொல்லிவிட்டார் செயலாளர்.

நடந்தது இதுதான். ஹனூர் ஊர்க்காரர் தொட்டையன், மனைவி கமலம்மாளை ஆபரேஷனுக்கு மைசூரில் சேர்த்தார். ஓ நெகட்டிவ் இரத்தம் வேண்டும் என்றார்கள். பிரௌசிங் சென்டருக்கு ஓடினார், நம் வெப்சைட்டில் கேட்டார். அதே நேரத்தில் வேறெங்கோ இருந்து ரவிக்குமார் என்பவர் பி பாசிட்டிவ் கேட்டார். தொட்டையனுக்கு வந்த கொடையாளர் பெயர் பாலன். போன் போட்டதும் பாலன் பறந்து வந்தார், பரிவோடு கையை நீட்டினார். சோதித்தவர்களோ, இது பி பாசிட்டிவ், ஆகாது என்றார்கள். உயிர் ஊசலாடும் வேளையில் இது என்ன விளையாட்டு? கேட்டது யார், கிடைத்தது யாருக்கு?

அஷ்வினியிடம் கேட்டேன். பைத்தான் என்றார். அது கம்ப்யூட்டர் மொழியாம்; மலைப்பாம்பு என்று நான் காலைத் தூக்கிக்கொண்டது வேறு கதை. சிரிக்காதீர்கள். யார் கேட்கிறார், என்ன கேட்கிறார் என்பதைப் புரோகிராமில் ஒரு பொது இடத்தில் வைத்தாராம். தேடும் பகுதியும், பதில் தரும் பகுதியும் அங்கே பார்த்துத் தெரிந்துகொள்ளுமாம். தனியாகச் சோதித்தபோது சரியாக இருந்ததாம். இருவர் ஒன்றாக வந்ததும், பின்னவர் கேட்டது முன்னவர் கேட்டதை அழித்துவிட்டதாம். இப்போது திருத்திவிட்டாராம், ஒவ்வொரு கேள்விக்கும் தனிப் பையாம். அதைப் பகுதிக்குப் பகுதி கைமாற்றிக் கொடுக்குமாம். பதில் போனதும் பையும் போய்விடுமாம். பின்வரிசையில் புரிந்ததா? புரிந்தவர் மேடைக்கு வரலாம், எனக்குப் புரியவில்லை.

என்ன தொட்டையன், எழுந்துவிட்டீர்கள்? சொல்லுங்கள்.

"மூடிப் போடாதீங்க. மறுக்காக் கேட்டப்ப சரியான ஆளு கெடச்சுதுங்க. கமலம்மா இங்கதான் உக்காந்திருக்கறா. அது இல்லீன்னா எங்கூருக்காரங்க இங்க யாருகிட்டப் போயி நிக்கறதுங்க?"

கேட்டீர்களா? என் கண் கலங்குகிறது. செயலாளரே, அஷ்வினிக்குப் பொன்னாடை கொண்டு வாருங்கள். அட, என்ன செய்கிறீர்கள்? தலைவர் தோளில் நான் போர்த்தியதை ஏன் உருவுகிறீர்கள்? சங்கத்துக்கே ஒன்றுதானா? அடுத்தவர் வந்தால் முன்னவர் தோள் வெறுந்தோளா?

நில்லுங்கள். அம்மா அஷ்வினி, இதைத்தானா சொன்னீர்கள்?

இப்போது புரிகிறது! பொதுவில் ஒன்றை வைத்துப் பலருக்கும் போர்த்தினோம், பாலனை அலையவிட்டோம், கமலம்மாளைத் தவிக்கவிட்டோம். இனி அவரவர் கேட்டது அவரவரோடு நடக்கட்டும்! அவரவர் உயிருக்கு உரியது அவரவரையே சேரட்டும்! வெப்சைட் மூடப்படாது, அஷ்வினி விலக்கப்படமாட்டார்!

தலைவருடையது தலைவர் தோளிலேயே இருக்கட்டும். அம்மா, உங்களுக்கென்று ஒன்று வாங்கும்வரை, இந்த வெறுங்கைகளின் கும்பிடு உங்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு, தனித்தனியே, என் நன்றி, வணக்கம்.