புத்தகத்தில் இல்லாத மேரி

காரைக்காலிலிருந்து திருமலைராயன்பட்டினம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருவர் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை. அறிவியலில் பெயர் மறைக்கப்பட்ட பெண்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. மற்றவர் அவருடைய ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த மேரி.

“முழுக்கப் படிச்சிட்டேன் மேடம். எல்லாரும் இருக்காங்க, நான்தான் இல்லீங்க,” என்று மேரி சிரித்தார்.

பேராசிரியை சிரிக்கவில்லை. “பட்டினச்சேரி கிணத்துத் தண்ணியில உப்பு ஏறுறத மொதல்ல கண்டுபிடிச்சது நீங்கதான். கட்டுரையில என் பேர மட்டும் போட்டுக்கிட்டேன்.”

“அது அப்ப. இந்தப் புத்தகத்துலயாவது ஒரு வரி எழுதியிருக்கலாமேங்க?”

“எழுத ஒக்காந்தேன் மேரி. ஒங்களப் பத்தி எழுதுனா, மறைச்சது நான்தான்னும் எழுதணும். பயந்துட்டேன்.”

கொஞ்ச தூரம் போனபின் பேராசிரியை பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தார்.

“அடுத்த பதிப்புல ரெண்டையும் எழுதிடுறேன். ஒங்க முழுப் பேரு என்ன?”

“இருவது வருஷம் ஒண்ணா வேல பாத்தோம் மேடம்.”

பேராசிரியை தலை குனிந்துகொண்டார். மேரி அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, நோட்டில் தானே எழுதினார்.