ஆட்டுப் படம் போட்ட பையும் கருப்பியின் சாவும்

என் பெயர் முனியராஜ், வயது 41, தகப்பனார் ஊர்க்காவலன். ஆமத்தூரில் மனைவி பொன்மணியுடன் குடியிருக்கிறேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறேன். கடைக்காரர் சீனிவாசகம் என்மீது கொடுத்த புகாரை விசாரித்ததில் நான் சொல்வதாவது.

எங்கள் நாய் கருப்பிக்குக் கோழி ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை கோழிக்கறி தின்று முகம் வீங்கி மூச்சு முட்டியதில், இனி கோழியே ஆகாது என்று கால்நடை மருத்துவர் கற்பகவல்லி சொன்னார். அதன்பின் மீனும் சோறும்தான் போட்டு வந்தோம். பொன்மணி இருக்கன்குடி கோயிலுக்கு விரதம் இருந்ததால் வீட்டில் கவுச்சி சமைக்கவில்லை. அதனால் சீனிவாசகம் கடையில் நாய்த்தீனி வாங்கினேன். பையில் பெரிய ஆட்டுப் படம். அச்சில் நான்கு கலரும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் உட்கார்ந்திருந்தன. எங்கள் பக்கம் போலிப் பட்டாசுப் பெட்டியை அச்சைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவோம். அச்சு சுத்தமாக இருந்ததால் சரக்கையும் நம்பினேன். பின்பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அதைத் தின்ற கொஞ்ச நேரத்தில் கருப்பிக்கு முகம் வீங்கியது, வாந்தி எடுத்தாள். உடனே தீனிப் பையையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் டாக்டரிடம் கொண்டு போனோம். ஊசி போட்டும் பொன்மணி மடியிலேயே உயிர் போய்விட்டது. அதன்பின் டாக்டர் பையைத் திருப்பிப் பார்த்து, "சேர்மானத்துல எது எடையில அதிகமோ அதத்தான் முதல்ல எழுதுவாக. மக்காச்சோளம், தவிடு, அடுத்து சிக்கன் மீல். கோழியக் காயவச்சு அரைச்ச தூளு அது. புரதம் பெரும்பாலும் இதுலருந்துதான் வருது. ஆடு உப்புக்கும் கீழ கிடக்கு" என்றார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அப்படித்தான் இருந்தது.

அதன்பின் கடைக்குப் போய், ஆட்டுப் பையில் கோழி இருப்பதைச் சொன்னேன். சீனிவாசகம், "அண்ணே, படத்தப் பாத்துத்தான எல்லாரும் வாங்குறாக, நானும் ஆடுன்னுதான் வித்தேன்" என்றார். வேறு தருவதாக மீன் படம் போட்ட பையை நீட்டினார். திருப்பினேன். அதிலும் மூன்றாவதாகக் கோழி. அடுத்ததிலும் கோழி. அலமாரியில் இருந்த பைகளையெல்லாம் பின்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்து, வந்தவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். எதையும் கிழிக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. "ஏலே, பழையபடி திருப்பி வைலே" என்று அவர் கத்தினார். மாட்டேன் என்றேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

ஏட்டையா இதை வாசித்துக் காட்டினார். அது போதாதென்று தாளை வாங்கி, முன்பக்கமும் பின்பக்கமும் நானே படித்துப் பார்த்தேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
ஊ. முனியராஜ்