அம்மாவுக்கு முதல் வாய்

ஃபினா: ...தானா நழுவிடுச்சு அண்ணே. அம்மா தும்மினாங்க, வந்துடுச்சு.

செமிசி: மூக்குல விட்டு வயிறு வரைக்கும் போன குழாய், ஒரு தும்மலுக்கு வந்துடுமா?

ஃபினா: அம்மா தும்மினா நம்ம சவாயித் தீவே ஆடுமே!

செமிசி: சிரிக்காத. நர்ஸம்மா புதுக் குழாயோட வாசல்ல நிக்கிறாங்க. போட்டுத்தான் ஆகணும்...

ஃபினா: எதுக்கு? போட்டாலும் இனிமே எழுந்திரிக்க மாட்டாங்க, போடாட்டி வலி தெரியாம பார்த்துக்கறோம்னு டாக்டரே சொல்லிட்டாரு. குடும்பத் தலைவர் பட்டம் கட்டினவன் நீ. நீதான் சொல்லணும்.

செமிசி: சொல்றது லேசா? "பெத்தவளைப் பட்டினி போட்டான்"னு சர்ச்சுல ஊரே என்னை வாயில போட்டு மெல்லும்.

ஃபினா: மெல்லட்டும். அம்மாவுக்குத்தான் மெல்ல ஒண்ணும் இல்ல!

செமிசி: அடிப்பாவி...

ஃபினா: பெரியவங்க சாப்பிடாம இந்த வீட்ல யாராவது வாயில வச்சிருக்கோமா? இப்ப என்ன பண்றோம்? குழாய்ல மாட்டின பை காலியானதும் "அம்மா சாப்பிட்டாச்சு"ன்னு பாயில சாப்பிட உட்கார்ந்துடறோம். அவங்க எங்க சாப்பிட்டாங்க? நாம ஊத்தினோம்!

செமிசி: போதும் ஃபினா... நிறுத்து.

ஃபினா: அழாத அண்ணே.

செமிசி: யாரு அழறா? அடுப்புப் புகை.

ஃபினா: கல்லடுப்பு கொல்லையில இல்ல இருக்கு!

செமிசி: சரி, குழாய் வேணாம்! நர்ஸம்மாகிட்ட நானே சொல்றேன். எவன் கேட்டாலும் என் பேரைச் சொல்லு. சேம்பிலைப் பொட்டலம் வெந்துச்சா?

ஃபினா: வெந்தாச்சு. உள்ள தேங்காய்ப்பால் தளதளன்னு கிடக்கு.

செமிசி: ஆறவச்சு எடுத்துட்டு வா. சோறு கீறு வேணாம். பாலை மட்டும் விரல்ல தொட்டு, உதட்டுல வை.

ஃபினா: அம்மா... வாயைத் திறம்மா... ஐயோ அண்ணே, நாக்கை நீட்டுறாங்க! சப்புக் கொட்டுறாங்க பாரு!

அம்மா: ...இன்னும்.

செமிசி: பேசிட்டாங்க! ஜெயிச்சுட்டம்மா நீ! ஃபினா, பாயை விரி! பிள்ளைங்களையெல்லாம் கூப்பிடு! அம்மா சாப்பிட்டாச்சு, இனிமே நாம சாப்பிடலாம்!

ஃபினா: நீயே கத்தித் தெருவைக் கூட்டிட்டியே, நான் வேற எதுக்குக் கூப்பிடணும்?

செமிசி: ஃபினா... இங்க வா. அது நழுவல. விடிகாலையில அம்மா என் கையைப் பிடிச்சு குழாய் மேல வச்சாங்க. முடியாதும்மான்னேன். விடவே இல்ல. நான்தான்... இழுத்துட்டேன்.

ஃபினா: தெரியும். நீ இழுத்து முடிக்கிற வரைக்கும், "அம்மா இப்பத்தான் கண் அசந்தாங்க"ன்னு அப்ப வந்த நர்ஸம்மாவை வாசல்லயே நிறுத்தி வச்சது யாருன்னு நினைச்ச?